அனுமதிக்கப்பட்ட ஒருவர்

அந்த ஒருவர் யார் என்று தெரியவந்த அன்று, வடகொன்றை மாநகராட்சியில் முதலில் எழுந்த கேள்வி, அவருக்குச் சால்வை போர்த்துவதா பொன்னாடை போர்த்துவதா என்பதுதான்.

பொன்னாடை என்றார் மேயர் பொன்னுரங்கம். சால்வை என்பது மாதாமாதம் ஓய்வுபெறும் ஊழியர்களுக்குப் போர்த்துவது, லட்சத்தில் ஒருவருக்கு அது மரியாதை ஆகாது என்பது அவர் வாதம். மக்கள் தொடர்பு அலுவலர் திருமாறன் இரண்டையும் போர்த்தலாம் என்றார். யார் மனமும் நோகாமல் இப்படி முடிவு சொல்லத் தெரிந்ததால்தான் அவர் நான்கு மேயர்களுக்குக் கீழே அதே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஊரில் எந்த விழா நடந்தாலும் வரவேற்புரை அவர், வாழ்த்துமடல் அவர். மைக் வேலை செய்யாவிட்டால் அதைத் தட்டிப் பார்ப்பவரும் அவர்தான்.

“முதல்ல அவங்களுக்கு விஷயத்தைச் சொல்லணும் சார்” என்றார் ஆய்வகத்திலிருந்து வந்திருந்த டாக்டர் ரெஹானா.

“சொல்லத்தானேம்மா போறோம்? மேடையில வச்சுச் சொல்லுவோம்.”

டாக்டர் கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். நோய் வரும் முன்பே அதன் அடையாளத்தைச் சிறுநீரில் காட்டிவிடும் அவருடைய இயந்திரம் போன ஆண்டுதான் புழக்கத்துக்கு வந்தது. அதற்காக வடகொன்றை மக்கள் அத்தனை பேரும் வார்டு வார்டாக முகாமுக்குப் போய்ச் சின்ன டப்பாவில் சிறுநீர் கொடுத்திருந்தார்கள். முதல் டப்பாவை மேயரே கொடுத்து முகாமைத் தொடங்கி வைத்தார். மறுநாள் நாளிதழ்களில் படம் வந்தது. அதில் டப்பாவைப் பணிவோடு இரண்டு கையாலும் பெற்றுக்கொண்டவர் திருமாறன்.

“எனக்கு ஒரு தடவை சுருக்கமாச் சொல்லிடும்மா” என்றார் மேயர். “நாளைக்கு எவனாவது கேட்டா முழிக்கக் கூடாது.”

“ஏரித் தண்ணியில கிருமி இருக்கு சார். அதைக் கொல்லக் குளோரின் போடறோம். போடாம இருக்க முடியாது. நிறுத்தினா ஒரே வாரத்துல காலரா வந்து ஊரே படுத்துடும். ஆனா நம்ம ஏரியில இலையும் தழையும் மட்கி ஊறிக் கிடக்கு. குளோரின் அதோடயும் சேந்துடுது. சேந்தா வேற சில பொருள் உண்டாகுது. துணைப்பொருள்னு சொல்லுவோம். வருஷக்கணக்கா அதைக் குடிச்சா, வெந்நீர் ஆவியில அதை மூச்சா இழுத்தா, மூத்திரப்பையில புற்றுநோய் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுது.”

இலை என்ற சொல் வந்ததுமே மேயர் சுவரைப் பார்த்தார். ஏரிக்கரையைச் சுற்றி அவர் நட்ட ‘பசுமை வளையம்’ மரங்களுக்காகக் கிடைத்த விருது அங்கே மாட்டியிருந்தது. அந்த மரங்களெல்லாம் நன்றாக வளர்ந்து, இலையெல்லாம் ஏரிக்குள்ளேயே கொட்டி, தண்ணீர் இப்போது பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது. நிறம் கூடக் கூடக் குளோரினையும் கூட்டினார்கள். குழாயைத் திறந்தால் வரும் நெடியை மோந்து பார்த்து, மருந்து போட்ட தண்ணீர் என்று ஊர் திருப்திப்பட்டது.

“எத்தனை பேருக்கு வருமாம்?”

“லட்சம் பேருக்கு ஒருத்தர் வரைக்கும் ஏத்துக்கலாம்னு விதியில இருக்கு.”

“நம்ம ஜனத்தொகை?”

“லட்சத்துச் சொச்சம்” என்றார் திருமாறன்.

“ஒருத்தர்தானே வந்திருக்கு? அப்ப நம்ம தண்ணி பாஸ்.”

“இத்தனை நாள் அந்த ஒருத்தர் வெறும் கணக்கு சார். யாருக்கும் முகம் தெரியாது” என்றார் டாக்டர். “இப்ப மெஷின் முகத்தைக் காட்டிடுச்சு. அவங்க இப்பவே இந்தத் தண்ணிய விட்டா பிழைச்சுக்குவாங்க. இன்னொண்ணும் சொல்லணும். ஏரிக்கரையில கரி நிலையம் கட்டி முடிச்சு வச்சிருக்கீங்க. தேங்காய் ஓட்டுக் கரி. இந்தப் பொருளையெல்லாம் அது பிடிச்சு வச்சுக்கும். அதை ஓட்டினா இந்த ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.”

அறையில் ஒரு சங்கடம் பரவியது. கரி நிலையம் கட்டி மூன்று ஆண்டாகிறது. வெள்ளையடித்து, மின் இணைப்பு கொடுத்து, வாசலில் சிவப்பு ரிப்பனும் கட்டியாகிவிட்டது. திறந்து வைக்க அமைச்சர் தேதிதான் கிடைக்கவில்லை. கல்வெட்டில் பெயர் செதுக்குவார்கள். அதற்குள் இலாகா மாறிவிடும். இப்போதிருப்பது மூன்றாவது கல்வெட்டு. மூன்றுக்கும் வாசகம் திருமாறன்தான். வெயிலில் நின்று நின்று ரிப்பன் வெளிறிச் சாயம் போன பழம்புடவை நிறத்துக்கு வந்திருந்தது.

மேயரின் முகம் மெல்ல மலர்ந்தது. “லட்சத்தில் ஒருவரைக் கண்டுபிடிச்சுக் கௌரவிக்கிற முதல் ஊர் நம்ம ஊர். இதுக்கு வர மாட்டேன்னு அமைச்சர் சொல்லுவாரா? ஒரே மேடை. பாராட்டு விழா, அப்படியே திறப்பு விழா. மாறா, அந்த அம்மாவைப் போய்ப் பாரு. விழா வரைக்கும் ஊரை விட்டு அசையக் கூடாது. பேசற விதமாப் பேசு.”

சுகந்தியின் இட்லிக் கடை காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருந்தது. கடை என்பது முன்னால் நாலு பெஞ்சு. பின்னால் ஒரு சின்ன அறை, அதில் மூன்று பெரிய இட்லிப் பானைகள், சாக்கடைப் பக்கம் பார்த்த ஒற்றை ஜன்னல். விடியும் முன்பே பற்றவைத்தால் முற்பகல் வரை ஆவி அடங்காது. ஊரின் கல்யாண மண்டபங்களுக்கெல்லாம் இட்லி அங்கிருந்துதான் போனது. திருமாறன் உள்ளே எட்டிப் பார்த்தபோது ஆவிக்குள் இரண்டு உருவங்கள் அசைந்தன. ஒன்று சுகந்தி. மற்றது அவளோடு கூட நின்று மாவு ஊற்றும் பரிமளம். மூக்கில் முதலில் ஏறியது இட்லி வாசனை. அதற்கு அடியில் பிளீச்சிங் நெடி இருந்தது.

அவர் சுகந்தியை வெளியே கூட்டி வந்து சொன்னார். பாதி செந்தமிழிலும் பாதி தரையைப் பார்த்தும் சொன்னார்.

சுகந்திக்கு நாற்பத்து மூன்று வயதிருக்கும். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், “லட்சத்துல ஒருத்தின்னு எங்க வீட்டுக்காரர் கல்யாணமான புதுசுல சொன்னாரு” என்றாள். “மாநகராட்சிக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்.”

அவள் கணவன் தனஞ்செயன் இட்லித் துணியிலிருந்து இட்லியை உரித்துக்கொண்டிருந்தவன், “இட்லிக்கு ஒண்ணும் இல்லையே சார்?” என்றான். “நாளைக்கு ரெண்டு முகூர்த்தம்.”

“இட்லிக்கு ஒண்ணுமில்ல. அதை அவிக்கிறவங்களுக்குத்தான்.”

அப்போதுதான் அவன் கை நின்றது.

“நான் இந்தத் தண்ணிய விட்டுட்டா?” என்று கேட்டாள் சுகந்தி.

“சரியாயிடும்னு டாக்டர் சொல்றாங்க.”

“அப்ப நாளைக்கே எங்க அக்கா ஊருக்குப் போறேன். அங்க கிணத்துத் தண்ணி.”

திருமாறன் தொண்டையைச் செருமினார். “தாயுள்ளத்தோடு தாங்கள் சிந்தித்துப் பார்க்க வேண்டும். இந்நகரின் வரலாற்றில்...”

“மேடை எங்கயும் ஓடிடாது சார். இங்க பேசற மாதிரி பேசுங்க.”

பேசுகிற மாதிரி பேசி அவருக்கு வெகு காலமாகியிருந்தது. இருந்தாலும் சொன்னார். அவள் போய்விட்டால் கணக்கு பூஜ்ஜியம். பாராட்ட ஆளில்லை என்றால் அமைச்சர் வர மாட்டார். அமைச்சர் வராவிட்டால் கரி நிலையம் திறக்காது. விழாவுக்கு முன்னால் மறுபடி ஒரு பரிசோதனை இருக்கும். அப்போதும் அவள்தான் என்று வர வேண்டும். அதுவரை தண்ணீரையும் மாற்றக் கூடாது, அடுப்படியையும் விடக் கூடாது.

“கட்டி முடிச்ச கட்டடம். ரிப்பன் வெட்ட ஆள் இல்லாமப் பூட்டிக் கெடக்கு?”

“ஆமாம்மா.”

“கத்திரிக்கோல் வேணா நான் தரேன்.”

“கல்வெட்டுல பேர் இருக்கும்மா. அவர்தான் வெட்டணும்.”

அவள் சிரிக்கவில்லை. ஆவி பறக்கும் அறையைத் திரும்பிப் பார்த்தாள். பரிமளம் ஒரு தட்டை இறக்கி இன்னொன்றை ஏற்றிக்கொண்டிருந்தாள். “நான் போயிட்டா அந்தக் கட்டடம் திறக்காது. கடைய அவதான் பாப்பா. அவளும் என்கூட அதே ஆவியிலதான் நிக்கறா. அவளுக்கு ரெண்டு பொண்ணு.” பிறகு கேட்டாள்: “எப்ப விழா?”

“இந்த மாசக் கடைசி.”

“சரி. அதுவரைக்கும் இருக்கேன். தேதிய மட்டும் மாத்திடாதீங்க.”

அது வைகாசி. மாதக் கடைசியில் சட்டமன்றக் கூட்டத்தொடர் வந்தது. அது முடிவதற்குள் ஆடி பிறந்தது. ஆடியில் எந்த அமைச்சரும் ரிப்பன் வெட்ட மாட்டார், பகுத்தறிவுக் கட்சியாக இருந்தாலும் சரி. ஆவணியில் எங்கோ ஒரு தொகுதியில் இடைத்தேர்தல் அறிவித்தார்கள். நடத்தை விதி வடகொன்றைக்கும் பொருந்துமா என்று கேட்டு மாநகராட்சி எழுதியது. பதில் வருவதற்குள் தேர்தலே முடிந்திருந்தது. பிறகு மழை. பந்தல் போட முடியாது. பிறகு மார்கழி.

ஒவ்வொரு தடவையும் சொல்லப் போனவர் திருமாறன்தான். போகும்போதெல்லாம் சுகந்தி இரண்டு இட்லி வைப்பாள். அவரும் சாப்பிடுவார். கடைக்கு வருகிற கூட்டம் இரட்டித்திருந்தது. லட்சத்தில் ஒருத்தியின் கையால் சாப்பிட வேண்டும் என்று வெளியூரிலிருந்தும் வந்தார்கள். “உங்க புண்ணியத்துலதான் நாங்க நல்லா இருக்கோம்மா” என்று ஒரு வங்கி மேலாளர் சொன்னார். சொல்லிவிட்டு, தன் பையிலிருந்த பாட்டில் தண்ணீரை எடுத்துக் குடித்தார். சந்தைக்காரர்கள் அவளைக் கண்டால் எழுந்து நின்றார்கள். வழியில் யார் நிறுத்திப் பேசினாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: ஊரிலேயேதானே இருப்பீங்க?

“ஒருத்தியா இருக்கறது ரொம்பச் சத்தமா இருக்கு சார்” என்றாள் அவள் ஒரு நாள். “குழாயைத் திறந்து தண்ணி விழற சத்தம் கேட்டாலே, யாரோ என் பேரச் சொல்லிக் குடிக்கற மாதிரி இருக்கு.”

அன்றிலிருந்து திருமாறனுக்கும் அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். குடிப்பதற்கு அவர் வீட்டில் பாட்டில் தண்ணீர்தான், ஆனால் காப்பியில்கூட பிளீச்சிங் நெடி அடிப்பதாகத் தோன்றும். குளியலறைக் கண்ணாடியில் வெந்நீர் ஆவி படிந்தால் அதைத் துடைக்க மாட்டார். துடைத்தால் பின்னால் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள் என்று ஒரு எண்ணம். இதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வாழ்த்துமடல் எழுதுகிறவர் ஆவிக்குப் பயப்படுகிறார் என்றால் யார் மதிப்பார்கள்?

மார்கழி நடுவில் டாக்டர் ரெஹானா அவரை ஆய்வகத்துக்கு வரச்சொன்னார்.

“அவங்க அடையாளம் ஏறிக்கிட்டே போகுது சார். இன்னும் மீளக்கூடிய கட்டம்தான். ஆனா தை பிறந்து இதே ஆவியில நின்னாங்கன்னா, அப்புறம் தண்ணிய நிறுத்தியும் பிரயோஜனம் இல்ல. மேயர்கிட்டச் சொன்னேன். அமைச்சர் தையில தேதி குடுத்துட்டார், விழா முடியட்டும்னு சொல்றார். அவங்ககிட்ட நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க.”

திருமாறன் கிளம்பி நேராக இட்லிக் கடைக்குத்தான் போனார். பெஞ்சில் உட்கார்ந்தார். சுகந்தி இரண்டு இட்லி வைத்தாள்.

“என்ன சார், மறுபடி தள்ளிப்போச்சா?”

“இல்லம்மா. தேதி உறுதியாயிடுச்சு. தை கடைசி.”

“அப்பாடா. வேற ஒண்ணும் இல்லையே?”

அவர் இட்லியைப் பிட்டார். அதிலிருந்து மெல்லிய ஆவி எழுந்து அவர் முகத்தில் பட்டது. “வேற ஒண்ணும் இல்ல” என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்னி வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.

விழா சிறப்பாக நடந்தது. அதாவது, அமைச்சர் வெயில் ஏறிய பிறகுதான் வந்தார், வந்ததும் எல்லோரும் சரியான நேரத்தில் வந்ததாகப் பாராட்டினார்கள். நுழைவாயில் முழுக்க மேயர் கைகூப்பிய பேனர்கள். ஓரத்தில், தபால்தலை அளவில், சுகந்தியின் படம். திருமாறன் வாழ்த்துமடல் வாசித்தார். ‘ஊர் வாழத் தன்னை நீராக்கிய நல்லாள்’ என்று கணீரென்று தொடங்கியவர், ‘பல்லாண்டு நீடு வாழ்க’ என்ற கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். மைக் கோளாறு என்று நினைத்து ஒருவர் ஓடிவந்து தட்டிப் பார்த்தார். திருமாறன் அந்த வரியை வாசிக்காமலே மடலை மடித்துக் கொடுத்தார். பொன்னாடை, அதன்மேல் சால்வை. அந்த வெக்கையில் சுகந்தி இரண்டையும் போர்த்திக்கொண்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தாள். பிறகு எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். அமைச்சர் ரிப்பனை வெட்டினார். கரி நிலையம் ஒருமுறை முனகிவிட்டு ஓடத் தொடங்கியது.

அன்று மாலை வடகொன்றைக் குழாய்களில் வந்த தண்ணீருக்கு எந்த நெடியும் இல்லை. மருந்து போடாமல் விட்டுவிட்டார்கள் என்று மாநகராட்சிக்கு நிறையப் புகார்கள் வந்தன.

அடுத்த ஆண்டு சுகந்தியை அவள் அக்கா ஊருக்குப் பக்கத்துப் பெரிய மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். திருமாறன் பழங்களோடு போனார். பொதுவாக நோயாளிகளைப் பார்க்கப் போனால் நாலு வார்த்தை உற்சாகமாகச் சொல்வது அவர் வழக்கம். அந்த நாலு வார்த்தையையும் வழியிலேயே எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தார்.

“சுகந்தியம்மா, மார்கழியில டாக்டர் என்கிட்ட ஒரு விஷயம்...”

“தெரியும் சார். நீங்க வந்துட்டுப் போன மறுநாள் அவங்களே கடைக்கு வந்து சொல்லிட்டாங்க.” அவள் குரல் மெலிந்திருந்தாலும் பழைய நறுக்கு போகவில்லை. “விழா கைக்கெட்டற தூரத்துல வந்துடுச்சு. விட்டுட்டுப் போனா திரும்ப மூணு வருஷம் கல்வெட்டுச் செதுக்குவீங்க. நானாத்தான் இருந்தேன். அன்னிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டீங்களே, அப்பவே உங்க மூஞ்சியில தெரிஞ்சுது. சொல்றீங்களா பாக்கலாம்னு நின்னேன்.”

தனஞ்செயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பரிமளத்துக்கு டெஸ்ட் எடுத்தீங்களா?”

“சுத்தமா இருக்கு. துளி அடையாளம் இல்ல.”

“அது போதும்.” கண்ணை மூடினாள். பிறகு, மூடியபடியே, “வேற என்னமோ சொல்ல வந்திருக்கீங்க. அதையும் சொல்லிடுங்க. இந்தத் தடவையாவது” என்றாள்.

அவர் சொன்னார். தணிக்கைக்காரர்கள் வந்திருந்தார்கள். கரி நிலையக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: ஒருவர் அனுமதிக்கப்பட்ட இடத்தில் ஒருவரும் இல்லாமல் போவதற்காக எதற்குச் செலவு? அனுமதிக்கு மேல் சுத்தம் செய்வது வீண் செலவு ஆகாதா? மேயர் சாமர்த்தியமாகப் பதில் சொல்லிவிட்டார். ஒருவர் இருக்கிறார், நோயோடு, மாநகராட்சி எல்லைக்குள் வீடும் குடிநீர் இணைப்பும் உள்ளவர், ஆண்டுதோறும் பரிசோதிக்கிறோம். நிலையம் ஓடியும் ஒருவர். ஓடாவிட்டால் இரண்டாகிவிடும். தணிக்கை அதை ஏற்றுக்கொண்டது.

“அப்ப நான் இருக்கற வரைக்கும் ஓடும்.”

“ஆமா.”

“நான் போயிட்டா?”

“பூஜ்ஜியம். பூட்டிடுவாங்க. அடுத்த ஒருத்தர் வந்தப்புறம் யோசிக்கலாம்னு.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. “போன வருஷம் முழுக்க ஊரே நான் இருக்கணும்னு நெனச்சுது, சாகறதுக்கு. இப்ப நான் சாகாம இருந்தாத்தான் நல்ல தண்ணி. நல்ல ஊரு சார் உங்க ஊரு.” பிறகு கணவனைப் பார்த்தாள். “ஏங்க, எனக்கு ஏதாவது ஆனா இந்த ஊர்லயே முடிச்சுடுங்க. அங்க யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம். கேட்டா, அக்கா வீட்ல இருக்கான்னு சொல்லுங்க.”

“அது எப்படிம்மா, இறப்பைப் பதிவு பண்ணுவாங்களே” என்றார் திருமாறன்.

“வேற மாவட்டம் சார். நாங்க இங்க ரேஷன் மாத்தக் கேட்டு ஒரு வருஷமாச்சு. இவங்க கம்ப்யூட்டரும் உங்க கம்ப்யூட்டரும் இன்னும் பேசிக்கல. நான் செத்தா மட்டும் உடனே பேசிக்குமா?”

அந்த ஆண்டுக்கான டப்பாவை அவளே நிரப்பிக் கொடுத்தாள். அடுத்த ஆண்டுக்கு யார் கொடுப்பது என்று அவள் கேட்கவில்லை. மழைக்காலத்தில் தனஞ்செயன் தொலைபேசியில் அழைத்தான். “அக்கா வீட்ல இருக்கா சார்” என்றான். திருமாறனுக்குப் புரிந்தது. “சரிப்பா” என்றார். கைபேசியை மேசைமேல் வைத்தபோது அதன் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி இருந்தது. அவருடைய உள்ளங்கை வேர்வைதான் அது.

அவளுக்காக அவர் எழுதிய இரங்கற்பா எதுவும் இல்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு, உயிரோடு இருக்கும்போது பேசாதவர்களுக்குக்கூட, ஒரே மூச்சில் இரங்கற்பா எழுதித் தள்ளியவர் அவர். அதற்குப் பதில் சுகந்தியின் பிறந்தநாளுக்கு மாநகராட்சி சார்பில் பேனர் வைத்தார். ‘லட்சத்தில் ஒருவர் நூறாண்டு வாழ்க.’ போகிற வருகிறவர்கள், அந்தம்மா இப்போது எப்படி இருக்காங்க என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றார். பேனருக்குக் கீழே நின்று சொல்லும்போது, அவள் அதைக் கேட்டுக்கொண்டு, இந்தத் தடவையாவது ஒழுங்காகச் சொல்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்பது போலிருக்கும்.

ஐப்பசியிலிருந்து அவர் விடிகாலை நடை போகத் தொடங்கினார். ஏரிக்கரை வரை போவார். குளோரின் தொட்டிக்கும் கரி நிலையத்துக்கும் நடுவில், சோதனைக்காக ஒரு சின்னக் குழாய் உண்டு. அதில் ஒரு கேன் பிடித்துக்கொள்வார். மக்கள் தொடர்பு அலுவலர் கேனோடு வந்தால் ஏதோ கண்காட்சிக்கு என்று காவலாளி நினைத்துக்கொண்டான். அவர் மனைவி மகளுக்குப் பிரசவம் பார்க்க வெளிநாடு போயிருந்தாள். வீட்டின் பின்கட்டில் சாமான் போட்டு வைத்த ஒரு சிறிய அறை. ஜன்னலைச் சாத்தி, அடுப்பை ஏற்றி, பெரிய பாத்திரத்தில் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நாளிதழ் படிக்க முயல்வார். ஈரத்தில் தாள் தளர்ந்துவிடும். ஒரு டம்ளரும் குடிப்பார். மருந்துக் கசப்பாக இருக்கும்.

முதல் சில நாட்கள் அந்த ஆவிக்குள் அவர் தனியாக இருப்பதாகத் தோன்றவில்லை. எதிரில் யாரோ தட்டை இறக்கி, தட்டை ஏற்றி, தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பயந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுவார். பிறகு திறப்பதை விட்டுவிட்டார். “இன்னிக்குக் கூட்டம் எப்படிம்மா?” என்று ஒரு நாள் அவர் வாய் தானாகக் கேட்டது. அவர் குரலில் செந்தமிழ் துளியும் இல்லை. பதில் வரவில்லை, பாத்திரத்தின் மூடி மட்டும் ஆடியது.

தை பிறந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். மேலே ஒட்டிய தாளில் ‘சுகந்தி தனஞ்செயன், சந்தைப் பின்தெரு’ என்று எழுதியிருந்தது. டாக்டர் ரெஹானா வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இயந்திரம் வெகு நேரம் உறுமியது. திரும்பி வந்த டாக்டர், அவரெதிரில் உட்கார்ந்து, திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

“இது சுகந்தியம்மாவோடதுதானே?”

“ஆமா டாக்டர்.”

“எப்படி இருக்காங்க?”

“அக்கா வீட்ல இருக்காங்க.”

டாக்டர் திரையை மறுபடி பார்த்தார். “ஆச்சரியமா இருக்கு. நோய் முத்தினவங்க, திரும்பி ஆரம்பக் கட்டத்துக்கு வந்திருக்காங்க. ரத்தமே மாறின மாதிரி இருக்கு. எல்லாமே மாறின மாதிரி.” குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “புதுசா வந்த அடையாளம். போன சில மாசத்துல வந்தது.”

திருமாறன் திரை இருந்த பக்கம் பார்க்காமல் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இப்பவே நிறுத்தினா ஒரு வருஷத்துல மறைஞ்சிடும்” என்றார் டாக்டர். “தொடர்ந்து ரெண்டு வருஷம் போனா மறையாது. நான் ஒருத்தங்களுக்குச் சொல்லிப் பாத்துட்டேன். அதனால உங்ககிட்ட நேராவே சொல்றேன்.”

“நிறுத்தினா பூஜ்ஜியம் ஆயிடும் டாக்டர். பூட்டிடுவாங்க.”

“தெரியும்.”

வெளியே, ஆய்வகத்தின் கைகழுவும் தொட்டியில் யாரோ குழாயைத் திறந்தார்கள். இருவரும் அது நிற்கும் வரை பேசாமல் இருந்தார்கள். தண்ணீர் வாசனையே இல்லாமல் ஓடியது.

டாக்டர் முடிவுத் தாளில் ‘ஒருவர்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு காலி டப்பாவை எடுத்து, அதன்மேல் தன் கையாலேயே சுகந்தியின் பெயரை எழுதினார். அதை அவரிடம் கொடுக்கவில்லை. தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அடுத்த தைக்கு நீங்க எடுத்துட்டு வர வேணாம் சார்” என்றார். “அந்தத் தண்ணி எங்க பிடிக்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”